அவர் படத்துப் பெண்கள் உட்காரும் விதம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் படித்து, முதல் வேலைக்கு அங்கே வந்தவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர், அவரும் பாதி நாள் சுற்றுப்பயணத்தில், கம்பவுண்டர் ஒருவர், அப்புறம் நான். பிரசவமா, காய்ச்சலா, கட்டுப் போடுவதா, எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அரும்பாவூர்ப் பக்கம் எங்கேயாவது பிரசவம் பார்த்துவிட்டு மாட்டுவண்டியில் திரும்பும்போது, இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும்.

அப்படித் திரும்பிய ஒரு சாயங்காலம்தான் முதன்முதலாக டூரிங் கொட்டகைக்குள் போனேன். படம் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. அறைக்குப் போனால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், கொட்டகையில் வந்து தேடமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. எங்கள் ஊர் மாதா கோயில் சாமியார் சினிமாவைப் பாவம் என்று பிரசங்கத்தில் சொல்லுவார். பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெண்கள் பக்கம் போய், தட்டியில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

படம் ஒரு குடும்பக் கதை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள், பெரிய மருமகள் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள். முதல் பாதியில் தூங்கிவிட்டேன். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் விழித்தேன். விளக்கு மறுபடியும் அணைந்தது. திரையில் எல்லோரும் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மருமகள் சமையற்கட்டுக்குள் வந்தாள். காலிப் பானையைப் பார்த்தாள். அழவில்லை. பாடவில்லை. சாமி படத்தின் முன்னால் போய் நிற்கவுமில்லை. கவிழ்ந்து கிடந்த உரலின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ஒரு காலை மட்டும் நீட்டி, முழங்காலை அழுத்திவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

ஆண்கள் பக்கமிருந்து, "யோவ், அம்மாளை எழுப்பிவுடுய்யா!" என்று ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. நான் நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலை முடிந்து உட்காருகிற ஒரு பெண்ணை அதற்கு முன்னால், திருச்சியில் பார்த்த ஒன்றிரண்டு படத்திலும் சரி, எந்த நாடகத்திலும் சரி, நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்றுதான் கஷ்டப்படுவார்கள்.

படத்தின் முடிவை அன்று பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. "நர்ஸம்மா இங்க இருக்காங்களா?" என்று வாசலில் யாரோ சத்தம் போட, எழுந்து போனேன். இரட்டைப் பிள்ளை. தாயும் பிள்ளைகளும் பிழைத்தார்கள். மறுநாள் நான் குளித்துவிட்டு வந்து சேர்ந்தபோது கொட்டகைக்காரர்கள் அந்தப் படப் பெட்டியை அரியலூருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி டைரக்டர் பெயரைத் தேடினேன். கதாநாயகன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, இவர் பெயர் கடைசியில், பொடி எழுத்தில். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் இருந்திருந்தால் நான் சொல்லப்போகிறதில் பாதியை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

அடுத்த வாரமே லீவு கேட்டு, கரி பஸ் ஏறி அரியலூர் போனேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று கட்டித் தொங்கும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். புடவையெல்லாம் கரியோடு போய் அந்த முடிவைப் பார்த்தேன். மருமகள் எல்லோர் காலிலும் விழுகிறாள், எல்லோரும் திருந்துகிறார்கள், வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். உரலில் உட்கார்ந்தவள் இவளில்லை, வேறு யாரோ என்று தோன்றியது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. இருந்தாலும் உரல் காட்சி வந்தபோது முன்போலவே காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேனே, அதை என்ன செய்வது?

அதற்கப்புறம் அவர் படம் எது வந்தாலும் விடவில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாள் எடுத்துவிடுவார்கள். ஒரு புராணப் படம் எடுத்தார். அதில் ராஜா போரில் ஜெயித்துவிட்டு வந்து, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பிலிம் தட்டுப்பாட்டில் படத்தின் நீளத்தைச் சர்க்கார் குறைக்கச் சொன்னபோது மற்றவர்கள் கதையை வெட்டினார்கள், இவர் பாட்டை வெட்டினார். அதற்கும் திட்டு. அவர் படத்துக் கெட்டவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர்கள் மீசையை முறுக்குவதில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு, மறுபடி போய்க் கெடுதல் செய்வார்கள். நான் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காதல் காட்சி அவருக்குச் சுத்தமாக வராது. கதாநாயகனும் நாயகியும் இரண்டு நெல் மூட்டை மாதிரி நிற்பார்கள். கோமாளி வந்தால் எனக்கே எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

கம்பவுண்டருக்கு அந்த டைரக்டர் படம் என்றாலே ஆகாது. வாள் சண்டையும் குதிரையும் வேண்டும் அவருக்கு. மருந்து கலக்கிக்கொண்டே சண்டைக்கு வருவார்.

"படம்னா மனுசன் எல்லாத்தையும் மறக்கணும் நர்ஸம்மா. வூட்டுல பாக்குறதையே அங்கயும் போய்ப் பாக்கணுமா?"

"வூட்டுல யாரு பாக்குறா அண்ணே? உங்க வூட்டம்மா வேலை முடிஞ்சு எப்படி உக்காருவாங்க, சொல்லுங்க பாப்போம்."

அவர் மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அவ எங்க உக்காருறா?" என்றார். பிறகு அவருக்கே அது கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு கோடைப் பகலில், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. சினிமாக் கம்பெனி ஆட்கள் திருச்சிக்குப் போகிற வழியில் பஸ் நின்றுவிட்டதாம். அவர்களில் ஒரு அம்மாளுக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சலாம். இறக்கிப் படுக்க வைத்தோம். டைபாய்டு. நெற்றியைத் துடைக்கக் குனிந்தபோது முகத்தைப் பார்த்தேன். பவுடர் இல்லை, நகை இல்லை, உதடு வெடித்திருந்தது. உரலில் உட்கார்ந்த அதே மருமகள்.

அந்தக் காய்ச்சலுக்கு அன்று மருந்து கிடையாது. கஞ்சித் தண்ணீரும், துடைத்துவிடுவதும், காத்திருப்பதும்தான். கம்பெனி ஆட்கள் சத்திரத்தில் தங்கினார்கள். மறுநாள் ஒருவர் வந்தார். ஒல்லி. வேட்டியெல்லாம் கரி. தொடர்ந்து இருமினார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடம், "இவங்க எப்ப எழுந்திருப்பாங்க?" என்று கேட்டார்.

"மூணு வாரம் ஆகுங்க. அதுக்கப்புறமும் உடம்பு தேறணும்."

"அவ்வளவு நாள் எப்படிங்க? ஸ்டூடியோ காத்திருக்காதே."

இவர்தான் அந்த டைரக்டர் என்று அப்போதுதான் புரிந்தது. சொல்வதற்கு இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருந்தது. முடிவை ஏன் அப்படிக் கெடுத்தீர்கள், கோமாளியை ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள். ஆனால் முந்தின இரவெல்லாம் கண்விழித்திருந்தேன், அவர் எப்போது போவார், எப்போது கண்ணை மூடலாம் என்றுதான் இருந்தது. அவர் போகவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்பான பார்வை இல்லை. விலை கேட்கும்முன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"நீங்க எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்களா?" என்றார். "கையை இப்படி மல்லாத்தி மடியில போட்டுக்கிட்டு?"

சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். "நோயாளிக்குத் தூக்கம் கெடும், போயிட்டு வாங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் கம்பெனியும் கிளம்பிவிட்டது. அந்த அம்மாளுக்குப் பதிலாக வேறொருத்தியைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

காய்ச்சல் இறங்க ஒரு மாதத்துக்குப் பக்கமாகிவிட்டது. தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். பேசத் தெம்பு வந்ததும் ஒருநாள் கஞ்சி கொடுத்தபடி, "அந்தப் பாகம் பிரிக்கிற படத்தை நான் ரெண்டு தடவ பாத்தேங்க. ரெண்டாவது தடவ அரியலூருக்குப் போய்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்ப உங்களுக்காகத்தான் எடுத்திருக்காரு. வேற யாரும் பாக்கல."

"உரல் மேல உக்காருவீங்களே. என்னமா நடிச்சிருந்தீங்க!"

"அது நடிப்பு இல்லைங்க." டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் சாய்ந்துகொண்டாள். "பானையைப் பாத்துட்டுக் கதறி அழணும், அதுதான் ஸீன். காலையிலேருந்து அதையே திருப்பித் திருப்பி எடுத்தாரு. அந்த விளக்குச் சூட்டுல நிக்கவே முடியாது. சாயங்காலம் எனக்குக் கண்ணீரே வரல. போதும்டா சாமின்னு உரல் மேல உக்காந்துட்டேன். அன்னிக்கி வேலை முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். படம் புடிக்கிற மெஷினை நிறுத்தவே இல்ல அவரு."

"கோவம் வரலியா?"

"வந்துச்சு. அப்புறம் படத்துல பாத்தேன். எங்கம்மா மாதிரியே இருந்துச்சு. கோவம் போயிடுச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஆனா அதுலேருந்து ஒவ்வொரு படத்துலயும் அதையே கேப்பாரு. களைச்சாத்தான் நான் நல்லா இருக்கேனாம். களைக்கிற வரைக்கும் வுடமாட்டாரு. காய்ச்சல்னு சொன்னேன். கண்ணு நல்லா இருக்கு, அப்படியே வா, நடுவுல நிறுத்தாதேன்னாரு."

அந்தக் காட்சிக்காகத்தான் நான் புடவையெல்லாம் கரியாக்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போனேன். படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்தேன்.

நடக்க ஆரம்பித்ததும் கும்பகோணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அரியலூர் ஸ்டேஷன் வரை நானே கூடப் போனேன். பிளாட்பாரத்தில், "திரும்பவும் கூப்பிட்டா போவீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வேன்? ரசிகையாக ஒன்று தோன்றியது, நர்ஸாக ஒன்று. "உடம்பு இன்னும் ஆறு மாசத்துக்கு வேலைக்கு ஆகாதுங்க" என்றேன். ரயில் வந்தது, ஏற்றிவிட்டேன். அவள் அப்புறம் நடிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

யுத்தம் முடிந்து சில மாதங்களில் அந்த டைரக்டருடைய அடுத்த படம் அரியலூருக்கு வந்தது. ஆஸ்பத்திரிப் படம் என்று கேள்விப்பட்டு, கம்பவுண்டர் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு என்னோடு வந்தார். நடுவில் ஒரு நர்ஸ் வருகிறாள். நான் முன்பின் பார்த்திராத நடிகை. கட்டிலருகே ஸ்டூலில் உட்காருகிறாள். இரண்டு கையையும் மல்லாத்தி மடியில் போட்டுக்கொள்கிறாள். ஆண்கள் பக்கத்திலிருந்து கம்பவுண்டர் எட்டி, என்னைத் தேடிப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு உடம்பு கூசியது. அதோடு, சொல்லத்தான் வேண்டும், கண்ணை எடுக்கவும் முடியவில்லை. நான் களைத்திருந்தால் இப்படித்தான் இருப்பேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் உட்கார்ந்ததோடு சரி. அப்புறம் அந்த நர்ஸ் மெழுகுவர்த்தி மாதிரி உருகுகிறாள். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை. நோயாளிக்காகத் தன் கல்யாணத்தை விடுகிறாள். கடைசியில் அவளும் செத்துப்போகிறாள், பின்னால் பாட்டு.

வெளியே வந்ததும் கம்பவுண்டர், "நர்ஸம்மா, அது நீங்கதான். சத்தியமா நீங்கதான்" என்றார். எப்போதும் திட்டுகிறவர், அன்று குரலே மாறியிருந்தது.

அவர் மனைவி குறுக்கிட்டாள். "என்னா பேசுறீங்க? நர்ஸம்மா இப்புடியா கொழையுவாங்க? பிரசவ வூட்டுல ஆம்பளைவொ கூட்டமா நின்னா அவங்க போடுற சத்தத்துல தெருவே காலியாயிடும். இந்தப் பொம்பளைக்கு வாயே இல்லியே."

நான் வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அந்த டைரக்டரைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்லியதில்லை. களைப்பை அவர் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளைப் பார்க்கவில்லை.

அந்தப் படமும் மூன்றாம் நாள் போய்விட்டது. அவர் பிறகு படம் எடுக்கவில்லை. இப்போது அவரை மேதை என்று எழுதுகிறார்கள்; அவர் படங்களின் பிரதிகள் ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் எழுதுகிறார்கள். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறேன். மேதைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கும்பகோணத்து அக்கா வீட்டில் அவள் நன்றாகச் சாப்பிட்டு, முடி வளர்ந்து, உடம்பு தேறியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறபோது வருகிற நிம்மதியை, அவர் எடுத்த எந்தப் படமும் எனக்குக் கொடுத்ததில்லை.