மிதிக்காத மூன்றாவது சுற்று

1984 ஆகஸ்ட், கோப்பெங்: ஏழு மைல் ஓட்டம். பதினோராம் இடம். ஓடியவர்கள் நூற்று நாற்பது பேர். மூன்றாவது மைலில் இடது சப்பாத்தின் அடி பிய்ந்துவிட, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மீதியை ஓடினான்.

1985 ஜூன், ஆயர் தாவார்: சைக்கிள் போட்டி. நான்காம் இடம். மற்றவர்கள் பந்தயச் சைக்கிளில் வந்தார்கள். அவனுடையது தேங்காய் மூட்டை ஏற்றும் சைக்கிள். முதல் நாள் மாலை பின்பக்கக் கேரியரை மட்டும் கழற்றி வைத்தான்.

1986 நவம்பர், ஹுத்தான் மெலிந்தாங்: ஆற்று நீச்சல். இரண்டாம் இடம். பரிசு ஒரு கைக்கடிகாரம். இன்னும் ஓடுகிறது.

1989 பிப்ரவரி, லூமுட்: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி. ஒன்பதாம் இடம். பரிசு இல்லை.

சன்னாசி பெற்ற இடங்கள் இவ்வளவுதான். 1988 மார்ச்சில் அதே லூமுட்டில் மேடையேறி வாங்கிய மூன்றாம் பரிசுக் கோப்பை இந்தப் பட்டியலில் சேராது. அது பதினான்கு நாள் அவன் பெயரில் இருந்தது. அந்தப் பதினான்கு நாளின் கதையைச் சொல்லாமல் சன்னாசியைப் பற்றி எதைச் சொன்னாலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவன் பிறந்தான். அப்பா சின்னையா இறந்தபோது அக்கா செல்லாயிக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு. வீட்டில் ஒருத்தர் படித்தால் போதும், கடுதாசி வந்தால் வாசிக்க ஆள் இருக்கும் என்று அம்மா முடிவு செய்தாள். செல்லாயி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை போனாள். சன்னாசி அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போனான். விடிவதற்கு முன்பே பால் எடுக்க மரம் வெட்டப் போகவேண்டும். முன்னால் போகிற அம்மாவின் தலைவிளக்கையும் முதுகையும் பார்த்துக்கொண்டே நடப்பான். எந்த மரத்தில் திரும்புவது, எந்த நிரையில் நுழைவது என்று அவன் யோசித்ததே இல்லை. முன்னால் போகிறவர் திரும்பினால் திரும்புவான்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபிறகு அவர்கள் ஈப்போவுக்கு வந்தார்கள். செல்லாயி புந்தோங்கில் வீட்டிலேயே துணி தைத்தாள். சன்னாசிக்கு நகராண்மைக் கழகத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. வேலை முடிந்ததும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் நீந்துவான். சம்பள நாளில் கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரலை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பான். மைக்கறை போகும் வரை மீரான் கடைப்பக்கம் போகமாட்டான்.

நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடைதான் அவர்கள் கூடும் இடம். ஆஸ்பத்திரி சிப்பந்தி ஐயாவு, ஆயர் தாவாரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் பத்துமலை, சன்னாசி, இன்னும் இரண்டு மூன்று பேர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற அந்தப் புதுப் போட்டியை அவர்கள் 'மூணு வேலை' என்றார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்தின் முதல் போட்டி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறும் நேரத்தில், ஒவ்வொருவரும் தன் போட்டியை ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்லவேண்டும். மேசைமேல் உப்பு டப்பா கடல். தீக்குச்சிகள் சைக்கிள் சுற்று. தேத்தண்ணீர்க் குவளை முடிவுக்கோடு. எதையும் தாண்டிச் சொல்லக்கூடாது.

1988 மார்ச் 27 அன்று அப்படித்தான் உட்கார்ந்தார்கள். போட்டி மார்ச் 20-இல் நடந்திருந்தது.

முதலில் பத்துமலை சொன்னான். அவன் நான்காவதாக வந்தவன்.

"தண்ணியில நான் கடைசி ஆளுங்க பக்கத்துலதான். அது உங்களுக்கே தெரியும். நமக்கு லோரிதான் ஓட்டத் தெரியும், கப்பல் இல்ல."

"நீ நீந்துனியா, மிதந்தியா?" என்றான் ஐயாவு.

"மிதந்தாலும் கரைக்கு வந்தேன்லா. கேளு." பத்துமலை மூன்று தீக்குச்சிகளை எடுத்து வரிசையாக வைத்தான். "மொதச் சுத்து, சரி. ரெண்டாவது சுத்து, ஏழெட்டுப் பேரைத் தாண்டிட்டேன். மூணாவது சுத்துல மழை புடிச்சுது பாரு, அங்கதான் கால் இழுத்துக்கிச்சு. எறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே அரை மைலு நடந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மறுபடி ஏறினேன். முடிச்சு ஓட்டத்துக்கு வந்தா, முன்னால நம்ம சன்னாசி முதுகு தெரியுது. எட்டிப் புடிச்சிடலாம்னு பார்த்தேன். முடியல."

அவன் சன்னாசியின் தோளைத் தட்டினான். "புடிக்கவே முடியல மச்சான். நீ மூணாவது, நான் நாலாவது. பரவால்ல, நம்ம ஆளுக்குத்தானே போச்சு."

சன்னாசி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று குச்சிகள். அவன் மனத்துக்குள் எண்ணினான். கடலிலிருந்து ஏறி சைக்கிளை எடுத்தது. கடற்கரைச் சாலை, சந்திப்பு, மீன்பிடித் துறை, திரும்பவும் புறப்பட்ட இடம். அது ஒன்று. மறுபடியும் கடற்கரைச் சாலை, சந்திப்பு, துறை. மழை. பின்னாலிருந்து இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். நல்ல சைக்கிள்கள். புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் அந்த இருவரும் இடப்பக்கம் திரும்பித் திடலுக்குள் நுழைந்தார்கள். அவனும் திரும்பினான். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடத் தொடங்கினான். அது இரண்டு.

நீச்சலில் சன்னாசி முதல் ஆளாகக் கரையேறியிருந்தும், சைக்கிளில் அந்த இருவரும் அவனை ஒரு முழுச் சுற்று முந்தியிருந்தார்கள். அவர்களுக்கு அது மூன்றாவது சுற்று. போட்டியன்று காலையில் கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். திருப்பத்தில் ஒரு பலகையும் இருந்தது. தாளை அவன் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். பலகையில் எழுத்துகள் இருந்தன. சுற்றை எண்ணுகிறவர்கள் மழைக்குக் கூடாரத்துக்குள் ஓடியதை அவனே பார்த்தான்.

"சன்னாசி, உன் முறைலா," என்று மீரான் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "சாம்பியன் வாயைத் தொறக்கட்டும்."

சன்னாசி உப்பு டப்பாவைத் தொட்டான். நீச்சலைச் சொன்னான். முதல் சுற்றைச் சொன்னான். இரண்டாவதைச் சொன்னான். அங்கே நின்றான்.

"மூணாவது சுத்துல மழை உனக்கு எப்படி?" என்று கேட்டான் பத்துமலை. "எனக்குக் கண்ணே தெரியல."

"எனக்கும்தான்," என்றான் சன்னாசி. "ரொம்ப மழை."

ஒரு வாய்ச் சொல். அதற்குமுன் நடந்தது தவறு. இது பொய். தாண்டிச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த ஒரே விதியை, தாண்டிய சுற்றுக்காகவே மீறிவிட்டான். ஐயாவு ரொட்டி சானாய் ஒன்று கூடுதலாகச் சொல்லி அவன் தட்டில் வைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது செல்லாயி பக்கத்து வீட்டு மங்களத்துக்குக் கோப்பையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் அந்த வீட்டு வரிசையில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. தையல் மிஷினுக்கு எதிரே, கண்ணாடி அலமாரியில், நல்ல தட்டுகளை அடுக்கிய இடத்தைக் காலி செய்து வைத்திருந்தாள். தினமும் துடைத்தாள். மங்களம் போனதும் அவன் சொன்னான். செல்லாயி கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்போ சும்மா இரு. எண்ண வேண்டியவன் எண்ணல. அது அவன் தப்பு. நீ என்ன திருடவா போனே?"

"பத்துமலை கால் இழுத்துக்கிட்டு அரை மைலு தள்ளிக்கிட்டு நடந்திருக்கான், அக்கா. அந்த நேரத்துல நான் ஓடிக்கிட்டு இருக்கேன்."

"ஊரு பூரா சொல்லியாச்சு. இப்போ போயி என்னன்னு சொல்றது? தெருவுல தலை காட்ட முடியுமா?" அவள் குரல் உயர்ந்தது. "அங்க பலகை வச்சிருந்தானே. தாள் குடுத்தானே. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட என்ன எழுதியிருக்குன்னு கேட்டா வாயா வெந்துடும்?"

"கேட்டா தெரிஞ்சு போயிடும்லா."

போட்டியில் சேரும் படிவத்தை எழுதியது செல்லாயி. கீழே அவன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டதும் அவள்தான். நான்கு வருடமாக எல்லாப் படிவத்திலும் அப்படித்தான். கைநாட்டு வைத்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று அவன் கூசினான். தம்பிக்கு உதவி செய்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவன் பால்வாளி தூக்கிய வருடங்களைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவன் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான்.

இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, அவளே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை அவங்க எல்லாரும் வருவாங்களா?"

"வருவாங்க."

"சொல்லிடு. நானும் வாரேன்."

"அதுக்கு முன்னால என் பேரை எழுதிக் காட்டு," என்றான் சன்னாசி. "கப்பைத் திருப்பிக் குடுக்கணும்னா போட்டிக் கமிட்டியில கடுதாசி கேப்பாங்க. இதுலயும் நீ எனக்காகக் கையெழுத்துப் போடக்கூடாது."

தைக்க வைத்திருந்த கறுப்புத் துணியில் தையல் சுண்ணாம்பால் அவள் எழுதிக் காட்டினாள். நான்கு எழுத்து. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு மாலையும் அந்தத் துணியைத் தட்டி அழித்து அழித்து எழுதினான். இருபது மைல் சைக்கிள் மிதித்தும் வியர்க்காத நெற்றி அப்போது வியர்த்தது. முப்பத்து மூன்று வயதில் மிஷினுக்கு அடியில் குனிந்து எழுதுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சன்னலைச் சாத்தச் சொன்னான். புழுக்கத்திலும் செல்லாயி சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் துணியில் சுற்றி, மெங்குவாங் ஓலையில் முடைந்த பைக்குள் வைத்து அவள்தான் தூக்கிவந்தாள். கடையில் கூட்டம் குறைந்திருந்தது. மீரான், ஐயாவு, பத்துமலை மூவரும் உள்மேசையில் இருந்தார்கள்.

"என்னக்கா, நீங்களும் ஓட வாரீங்களா?" என்று சிரித்தான் ஐயாவு.

சன்னாசி உட்காரவில்லை. "பத்துமலை, நான் ரெண்டு சுத்துதான் மிதிச்சேன்," என்றான்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான், இரண்டு முதுகுகளைப் பார்த்துத் திரும்பியது வரை. பத்துமலை தேத்தண்ணீரைக் கீழே வைத்தான்.

"போன வாரம் கேட்டேனே. மழைன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"மூணு சுத்துன்னு பெருசா எழுதி வச்சிருந்தானே," என்றான் ஐயாவு. "கண்ணு தெரியலையா உனக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது."

மீரான் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "என்னப்பா சொல்றே? ஆறு வருஷமா என் கடையில பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டுத்தானே பசியாறுறே?"

"படம் பார்ப்பேன், பாய்."

ஐயாவு சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். செல்லாயி பையிலிருந்து கோப்பையை எடுத்துப் பத்துமலை முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"கப்பு கெடக்கட்டும்லா," என்றான் பத்துமலை. "என் பொண்டாட்டி பிள்ளைங்க வந்திருந்தாங்க, தெரியுமா? மேடையில மூணாவதா பேரு கூப்பிடறப்போ, அது உன் பேரு. நான் கீழ நின்னு கை தட்டினேன். அதை எப்படித் திருப்பித் தருவே?"

சன்னாசி தலை குனிந்து நின்றான். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பத்துமலை திட்டவில்லை. "கமிட்டிக்கு எழுது. அவங்க பேரை மாத்தி எழுதினா நான் வாங்கிக்கிறேன். உன் கையிலருந்து வேணாம்," என்றான்.

மலாய் மொழியில் கடிதம் எழுதத் தெரிந்தவன் ஐயாவு ஒருவன்தான். மீரான் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்தார். தன் சுற்றுகள் இரண்டு என்றும், மூன்றாம் இடம் தனக்கு உரியதல்ல என்றும், மூன்று சுற்றும் முடித்தவர் பத்துமலை என்றும் சன்னாசி சொல்லச் சொல்ல ஐயாவு எழுதினான். பலகையை வாசிக்கத் தெரியாததால் நேர்ந்தது என்பதையும் எழுதச் சொன்னான். "அது எதுக்குடா," என்றான் ஐயாவு. "எழுது," என்றான் சன்னாசி.

எழுதி முடித்து, "பாய், மை டப்பா இருக்கா? கைநாட்டு வச்சிடலாம்," என்று ஐயாவு கல்லாவைப் பார்த்தான்.

சன்னாசி பேனாவைக் கேட்டு வாங்கினான். நான்கு பேர் சுற்றி இருந்தார்கள். காது மடல் வரை சூடேறியது. முதல் எழுத்து மிகப் பெரிதாக வந்துவிட்டது. கடைசி எழுத்துக்குத் தாளில் இடம் போதாமல் ஓரத்தில் நெருங்கி நின்றது. பத்துமலை மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான். செல்லாயி, தன் கை தானாக நீண்டு உதவப் போகாதபடி, காலிப் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சன்னாசி தன் பெயரைத் தன் கையால் முதன்முதலாக எழுதிய நாள்: 1988 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை.