பதினெட்டாம் பெருக்குக்குப் பான்ஷேத்

கல்யாணமான முதல் ஆடிக்கு மகளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாப்பிள்ளை வீடு கராடியில். என் ஒற்றை அறை ஹடப்சரில். இரண்டும் ஒரே மராத்தி நகரத்துக்குள்தான். பஸ் ஏறினால் வந்துவிடலாம். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. சேலை, பலகாரம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அழைத்து வந்தேன்.

அவள் அப்பா இறந்துபோனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனேன். பிறகு அங்கேயே சப்பாத்தி போட்டேன். அவள் படித்தாள். கராடியில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன். பேசி முடித்தோம்.

கல்யாணத்தில் நான் மேடை ஏறவில்லை. என் கொழுந்தனும் அவர் மனைவியும் நின்று தாரை வார்த்தார்கள். நான் பந்தியைப் பார்த்துக்கொண்டேன். யாரும் என்னை ஒதுங்கச் சொல்லவில்லை. நானே ஒதுங்கினேன். தாலி கட்டும்போது மேளச் சத்தம்தான் கேட்டது. சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன்.

பதினெட்டாம் பெருக்குக்குச் சம்பந்தியம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்தார். புது மருமகளுக்குத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். அதைப் பெருகி நிற்கும் தண்ணீரில் இறங்கிச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, பூ எல்லாம் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார்.

“ஏனுங் சம்பந்தி, இந்த ஊர்ல ஆறு கீறு இருக்குதுங்களா? இல்ல பைப்பத் தொறந்துவுட்டு அதுக்குப் பூப் போடோணுமா?” என்றார்.

கேலிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குள் ஓடும் ஆற்றைக் காட்ட முடியாது. சாக்கடை கலந்த அதில் காலை வைக்க முடியாது. ஊருக்கு வெளியே பான்ஷேத்தில் அணை ஏரி இருக்கிறது, கூட்டிப் போகிறேன் என்றேன். மாப்பிள்ளை தனக்கு லீவு இல்லை, கார் ஏற்பாடு செய்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணை அழைத்து வந்தவள் நான். என்னால் முடிந்தது பஸ். பஸ்ஸில் போகலாம்.

விடிவதற்குள் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு கட்டினேன். ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டில் சிவப்பு எஸ்.டி. சர்க்கார் பஸ் ஏறினோம். ஜன்னல் ஒழுகியது. சம்பந்தியம்மா சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டார். 

கயிறு கட்டுவது அவர்தான். சுமங்கலி. பேச்சே இல்லாமல் அது முடிவாகி இருந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

நான் அந்த ஊரைப் பார்த்தது ஒரே ஒருமுறை, கேண்டீன் ஆட்களோடு, கோடையில். அப்போது படகு ஓடியது. தண்ணீர் வரைக்கும் படி இருந்தது. ஜனங்கள் உட்கார்ந்து சோளம் தின்றார்கள். அதே ஏரியை நினைத்துத்தான் இவர்களைக் கூட்டி வந்தேன். ஆடி மாதம் இங்கே எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நம் பக்கம் ஆடியில் காற்றுத்தான் அடிக்கும். மழை இருக்காது. மேற்கே எங்கேயோ பெய்து நம் ஆற்றில் தண்ணீர் வரும். அந்த மேற்கில்தான் நாங்கள் இப்போது நின்றுகொண்டிருந்தோம்.

படகுத்துறை பூட்டியிருந்தது. படியெல்லாம் தண்ணீருக்கு அடியில். அணைக்கட்டுப் பக்கம் ஒரு போலீஸ்காரர் நின்றார். மதகு திறந்திருக்கிறது, கரைக்குப் போகக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டார். ரிசார்ட்டுகளில் ஆள் இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மழையைப் பார்த்தது.

“இத்தன தண்ணிய நான் பாத்ததே இல்லீங்” என்றார் சம்பந்தியம்மா. “தொடத்தான் முடியல.”

திறந்திருந்தது ஒரு டீக்கடை மட்டும். டீ போட்ட அம்மாவிடம் மகள் பேச்சுக் கொடுத்தாள். வீட்டில் தமிழ் பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று யோசிப்பாள். மராத்தியில் நிற்காமல் பேசினாள். என்ன பூஜை, எதற்கு, யாருக்கு என்று அந்தம்மா கேட்கக் கேட்கச் சொன்னாள். கடைசியில் அந்தம்மா தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டார். அவருடைய வயல் ஏரியை ஒட்டி இருக்கிறதாம். நடவு நடக்கிறது. ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார். அந்தப் பக்கம் ஓட்டமில்லாத தண்ணீர், பயமில்லை, கூட வாருங்கள் என்றார். சம்பந்தியம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வரப்பில் நடந்தோம், சம்பந்தியம்மா குடையோடு. ஏரி ஏறி வந்து வயலின் கடைசி வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் ஏறக்குறைய பத்துப் பெண்கள் முதுகில் கோணி போட்டுக்கொண்டு நாற்று நட்டார்கள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

நான் முதலில் இறங்கித் தரை பார்த்தேன். முழங்கால் அளவு. மகளைப் பிடித்து இறக்கினேன். கொண்டுபோன விளக்கு மழையில் எரியவில்லை. பூவும் காதோலையும் விட்டோம். பிறகு நான் கரை ஏறப் போனேன், சம்பந்தியம்மாவுக்கு இடம் விட்டு.

அவர் ஒரு கால் வைத்தார். வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பயந்துபோனார். இன்னொருமுறை காலை நீட்டினார். மடக்கிக்கொண்டார்.

“என்னால எறங்க முடியாதுங்.”

தண்ணீரிலிருந்து மகளை மேலே ஏற்றிக் கட்டலாம் என்றேன். அது ஆகாது என்றார்.  பிறகு வயலைப் பார்த்தார்.

“கண்ணு, அந்த டீக்கடக்காரம்மா கழுத்துல தாலி இருக்குது பாரு. வந்து கட்டுவாங்களான்னு கேளு.”

மகள் அசையவில்லை.

“கேக்க மாட்டேன் அத்தை” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். என்னைப் பார்க்கவும் இல்லை. மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

சம்பந்தியம்மா வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். குடையை மெதுவாகச் சாய்த்தார், வயல் பக்கமாக. நடவுக்காரிகள் அந்தப் பக்கம் மறைந்துபோனார்கள்.

“நீங்களே கட்டீருங் சம்பந்தி” என்றார் தணிந்த குரலில். “இங்க யாரு பாக்கப் போறாங்.”

கயிறு அவர் கையிலிருந்து என் கைக்கு வந்துவிட்டது. நனைந்து மஞ்சள் விரலெல்லாம் ஒட்டியது. என் மகள் கழுத்து என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கட்டிவிடலாம். ஆசை இல்லாமல் இல்லை.

“மறைவா கட்ட மாட்டேன் சம்பந்தி” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கல்யாணத்துல நான் தள்ளி நின்னேன். அது நானா செஞ்சது. இது நீங்க குடுக்கிறது. குடுத்தா எல்லாரும் பாக்கக் குடுங்க. இல்லன்னா நான் கரையேறுறேன். நீங்க சொன்ன மாதிரியே அந்தம்மாவ நானே கூப்பிடுறேன்.”

அவ்வளவு நீளமாக நான் பேசினது அன்றைக்குத்தான் இருக்கும்.  

சம்பந்தியம்மா தண்ணீரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார். வழுக்கும் என்று தெரிந்தும் வரப்பின் விளிம்புவரை வந்தார். குடையை நிமிர்த்தி, கையை நீட்டி, எங்கள் இருவர் தலைக்கும் மேலே பிடித்தார். அவர் நனைந்தார்.

“கட்டுங் சம்பந்தி. நேரமாவுது.”

நடவுக்காரிகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பழைய கயிறு கழுத்தில் இருக்கும்போதே புதியதைக் கட்டினேன். மூன்று முடிச்சு. இறுக்கிப் போட்டேன். தாலியைப் புதுக் கயிற்றுக்கு மாற்றிப் பழையதைத் தண்ணீரில் விட்டேன். மகள் குனிந்து என் காலைத் தொட்டாள். கால் சேற்றுக்குள் இருந்தது. தண்ணீரைத்தான் தொட்டாள். டீக்கடைக்காரம்மா வந்து மூவருக்கும் குங்குமம் நீட்டினார். நான் தயங்கினேன். அவர் என் கையில் கொஞ்சம் வைத்துவிட்டுப் போனார். அதை மகள் நெற்றியில் வைத்தேன்.

நடவுக்காரிகளோடு அந்தம்மாவின் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கட்டுச்சோறு எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. புளிச்சோறு அவர்களுக்குப் பிடித்தது. அவர்களுடைய பாக்கரி ரொட்டியைச் சம்பந்தியம்மா மிளகாய்ச் சட்னியோடு தின்று, கண்ணில் தண்ணீர் விட்டு, இன்னொன்று வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் கடக்வாஸ்லா தாண்டியதும் அவர் செல்போனுக்கு உயிர் வந்தது. உடனே மணி அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து அவருடைய அக்கா. பெருக்கு நல்லபடியாக முடிந்ததா, கயிறு யார் கட்டினது என்று கேட்டிருக்க வேண்டும். மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் இந்தப் பக்கம்.

பஸ் சத்தத்துக்கு மேலே சம்பந்தியம்மா கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அவிங்க அம்மாதானுங்க்கா கட்டுனாங். ஆமாங். நாந்தான் கட்டச் சொன்னேன். என்னக்கா? கேக்குலீங், சத்தமாச் சொல்லுங்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எனக்குக் கேட்கவில்லை. இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கட்டுனா என்னங்க்கா” என்றார். வைத்துவிட்டார்.