பன்னிரண்டடி மனைக்கு ஒரு அனுமதி

பஞ்சாயத்து போர்டுக்கு வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிற தொழிலில் கோடு இழுப்பது ஒரு காலைப்பொழுது. ஆபீஸ் வாசலில் நிற்பது மாசக்கணக்கு. நீங்களும் அங்கே நின்றவர்கள்தானே, தெரியாததா!

மூணடிச் சந்து

யுத்தம் முடிந்த வருஷம். செஞ்சியில் கல் உடைக்கிற சவரிமுத்து வந்தார். முந்தின மழையில் மண்சுவர் விழுந்து, பெண்சாதி ரோசம்மாளோடு ஓலைக்கொட்டகையில் கிடந்தார். அவளுக்கு மாசம் ஆறு. ஐப்பசி மழைக்குள் ஒரே ஒரு அறை எழுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சுவர் போக மனை அகலம் பன்னிரண்டடி. பக்கத்தில் மூணடி சந்து விடச் சொன்னது போர்டு. மிச்சம் ஒன்பது. ஒன்பது ஆகவே ஆகாது என்று மனுஷன் அலறிவிட்டார். "நீங்க வேதக்காரராச்சே, உங்களுக்கு என்ன?" என்றேன்.

"ஒம்போதடி அறை ஆயுசக் கொறைக்கும்னு மனையடி சாஸ்திரத்துல இருக்குது சார். மாதா கோயிலுக்குப் போறவனுக்கு மட்டும் இன்னா ரெண்டு ஆயுசா?"

எட்டடி

சாஸ்திரத்தில் எட்டு நல்லது என்றார்; எட்டாக்கி வேறு பிளான் போட்டேன். ஓவர்சியர் மனையைப் பார்க்க வரவே மூணு வாரம். வந்தவர் டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. அறை சின்னது, தள்ளுபடி! "பொண்டாட்டி புள்ளத்தாச்சிங்க" என்று சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். ஓவர்சியர் சிரித்தார்.

"எட்டடியில நீ பொண்டாட்டியோட படுத்துக்கலாம்யா, சட்டத்துக்கு எடம் பத்தாது."

அமாவாசைக் கூட்டம்

ஒன்பதே ஆகட்டும் என்று கடைசியில் சவரிமுத்து தலையாட்டினார். மூணாவது பிளான். அது போர்டு கூட்டத்தில் பாஸாக வேண்டும். தேதி குறித்த புண்ணியவான் அமாவாசையில் குறித்துத் தொலைத்திருந்தார். மெம்பர்கள் அத்தனை பேரும் அமாவாசை ராத்திரி அம்மன் ஊஞ்சல் பார்க்க மேல்மலையனூருக்கு வண்டி கட்டிவிட்டார்கள். அடுத்த கூட்டம் அடுத்த மாசம். நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து பியூன் சமாதானம் சொன்னார்.

"மனு எங்க சார் ஓடிடப்போவுது? அம்மா ஊஞ்சல இன்னிக்கு உட்டா ஒரு மாசம் ஆவும்."

பாஸ்

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை சாய்ந்த அன்றைக்கே ரோசம்மாளுக்கு வலி கண்டது. ஆண் குழந்தை. ஈரத்தில் ஜன்னி கண்டு மூணாம் நாள் போய்விட்டது. இது தெரியாமல், பாவி நான், முத்திரை குத்திய பிளானோடு ஓடி, "பாஸாயிடுச்சு!" என்று தெருவிலிருந்தே கத்தினேன். சவரிமுத்து அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"கல்லறையில எடம் கேட்டேன் சார், சாமியாரு பிளான் கேக்கல."

நம் ஊரில் பிளான் இல்லாத வீடு எத்தனையோ உண்டு. வீடு இல்லாத பிளான் ஒன்று என் பெட்டியில் கிடக்கிறது.