கதவுக்கு வெளியே படித்த சம்மன்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பாதிப் பேர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். ஆள் பார்க்க அப்பாவி. சட்டைப் பையில் இரண்டு பேனா, தோளில் ஒரு துணிப்பை, அந்தப் பக்கமாகவே சற்றுச் சாய்ந்த நடை. பைக்குள் இருப்பதுதான் வில்லங்கம்: நீதிமன்றத்துச் சம்மன். முப்பது வருஷமாக அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் வேலை. எந்தக் கதவையும் மூன்று முறைதான் தட்டுவார், அதற்கு மேல் தட்டினால் மரியாதை இல்லை என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ‘மூணு தட்டு’ என்று பெயர். அதே கட்டடத்தில் நான் தட்டச்சு செய்கிறேன். எனக்கு அவர் மாமா. வேலை நேரத்திலும் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சம்மனைக் கையால் தொடாவிட்டால் வழக்கு நம்மைத் தொடாது என்பது. இதை முதலில் கிளப்பிவிட்டவர் யாரென்று தெரிந்தால் நானே நாலு கேள்வி கேட்பேன். மாமாவைக் கண்டதும் ஒருவர் இரண்டு கையையும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டாராம். ஒரு பெண்மணி, “அவங்க ஊர்ல இல்ல, நான் அவங்க தங்கச்சி” என்றாராம். உள்ளே மாமியார் அவருடைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக் குட்டை உடைத்துவிட்டார். உண்மை என்னவென்றால், மாமா திரும்பி வந்து அறிக்கையில் ‘பெற மறுத்தார்’ என்று இரண்டே சொல் எழுதினால் போதும், சம்மன் கொடுத்தாகிவிட்டது என்றுதான் அர்த்தம். சம்மனில் குறித்த தேதிக்கு ஆள் வராவிட்டால் வழக்குப் போட்டவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

சேர்ந்த புதிதில் மாமாவும் தாளை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறவராகத்தான் இருந்தார். ஒரு தச்சர் நல்ல அழகான கையெழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். மூன்று மாதம் கழித்து அவருடைய பட்டறை கைவிட்டுப் போயிருந்தது. வழியில் பார்த்து மாமா கேட்டபோது, “அதான் கையெழுத்துப் போட்டுட்டேனே சார், அதோட முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்” என்றார் தச்சர். அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை என்று அக்கா இன்றும் சொல்வாள். அதற்குப் பிறகு, கொடுக்கிற ஒவ்வொரு தாளையும் அவரே படித்து, பேச்சு மொழியில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

தலைமை எழுத்தருக்கு இது பிடிக்கவில்லை. “நீ என்ன வக்கீலாய்யா? கொடுத்தமா வந்தமான்னு இரு” என்று கத்துவார். மாமா பணிவாக “சரிங்க” என்பார். மறுநாள் அதையே செய்வார். அவருடைய ‘சரிங்க’வைப் போல அடங்காத ஒரு சொல்லை நான் எங்கும் கேட்டதில்லை.

தையல்காரியின் சம்மனைத் தட்டச்சு செய்தது நான்தான். ‘மைனர் குழந்தையின் முழுமையான, நிரந்தரமான பாதுகாப்புரிமையை மனுதாரர்வசம் ஒப்படைக்க உத்தரவிடும்படி’ என்று அடிக்கும்போது, டீ இன்னும் வரவில்லையே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பெண் குழந்தை. அம்மா இறந்துவிட்டாள். அப்பா வேலை தேடித் தூர தேசம் போய் ஆறு வருஷம் கழித்துத் திரும்பியிருக்கிறார். அவர்தான் மனுதாரர். இடைப்பட்ட காலம் முழுக்கக் குழந்தையை வளர்த்தவள் அம்மாவின் தங்கை, இந்தத் தையல்காரி. குறித்த தேதிக்கு அவள் நீதிமன்றம் வராமல் போனால் குழந்தை கைவிட்டுப் போய்விடும்.

மாமா காலை பத்து மணிக்குப் போனார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தட்டுக்கு மெஷின் நின்றது. கதவு திறக்கவில்லை. மதியம் மறுபடி போனார், அதே கதைதான். ஐந்து மணிக்குள் அறிக்கை கொடுத்தாக வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினால் அவளுக்கு இன்னொரு தேதி கிடைக்கும், ஆனால் அது பொய். மாமாவுக்குப் பொய் எழுத வராது. அவர் உயிரை வாங்கும் குணங்களில் அதுவும் ஒன்று.

நாலு மணிக்கு மூன்றாவது தடவையாகப் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தாயி, நான் பேப்பரை உள்ள தள்ள மாட்டேன். படிக்கிறேன், கேட்டா போதும்” என்று சொல்லிவிட்டு, சம்மனை முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரைக்கும் கதவைப் பார்த்துப் படித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“இப்ப நம்ம பேச்சுல சொல்றேன். உங்க அக்கா வீட்டுக்காரர் பொண்ணைக் கேட்டிருக்காரு. கொடுக்கலாமா வேணாமான்னு கோர்ட் இன்னும் முடிவு பண்ணல. உங்களையும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு கூப்பிடுது. இது கூப்பிடுற பேப்பர், தண்டனை பேப்பர் இல்ல. நீங்க வரலைன்னா அவர் பேசுறதை மட்டும்தான் கேப்பாங்க. கதவைத் தொறக்காம இருந்தா பொண்ணு உங்க கிட்ட இருந்துடும்னு நினைக்காதீங்க. தொறக்காம இருந்தாத்தான் போயிடும்.”

கதவு நாலு விரற்கடை திறந்தது.

“வந்தா என்னை உள்ள தூக்கி வெச்சுடுவாங்கன்னு சொன்னாங்க” என்றாள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. முகம் அழுது வீங்கியிருந்தது.

“யாரு சொன்னது? எதிர்மனுதாரர்னு போட்டிருந்தா குத்தவாளின்னு அர்த்தம் இல்லம்மா. பதில் சொல்ல வேண்டியவங்க, அவ்வளவுதான்.” கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். “அங்க கேக்கிறது புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. தலையை மட்டும் ஆட்டிடாதீங்க. அது தப்பே இல்ல. அதையும் டைப் அடிப்பாங்க, எங்க மச்சினிதான் அடிக்கும்.”

விசாரணை நாளில் தையல்காரி குழந்தையோடு வந்தாள். அப்பாவும் வந்தார், கன்னம் ஒட்டிப்போய், புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல். அவருடைய வக்கீல் எழுந்தார்.

“மனுதாரர் இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலையையும் அதிலிருந்து எழும் உரிமைகளையும் தாங்கள் மறுதலிக்கிறீர்களா?”

“புரியலைங்க” என்றாள் தையல்காரி. ‘புரியவில்லை’ என்று அடித்தேன்.

வக்கீல் அதையே இன்னும் நீளமாகக் கேட்டார். “புரியலைங்க.” மறுபடி அடித்தேன். ஏழாவது ‘புரியவில்லை’ வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, குனிந்து மேஜைக்குள் எதையோ தேடுவதுபோல் பாசாங்கு செய்தேன். நீதிபதி அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“வக்கீல் சார், சாதாரணமா கேளுங்க. வீட்ல பேசுற மாதிரி கேளுங்க.”

வக்கீல் தொண்டையைச் செருமினார். பிறந்ததிலிருந்து வீட்டில் பேசியே பழக்கமில்லாதவரைப் போல் தடுமாறினார். “அதாவதும்மா… இவர் பொண்ணை உங்ககிட்டருந்து மொத்தமா கூட்டிட்டுப் போகப் போறாரு. இனிமே இவர்கூடத்தான் இருக்கும். அதுக்கு நீங்க சம்மதமா?”

தையல்காரி வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“மொத்தமாவா? நான் அப்படிக் கேக்கலையே சார்!”

எல்லோரும் அவரையே பார்த்தோம். “ரெண்டு தடவை போனேங்க, கதவைத் தொறக்கல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாக்க விடணும்னு எழுதித் தாங்கன்னுதான் சொன்னேன். நான் தங்கியிருக்கிறது நாலு பேரோட ஒரே ரூம்ல. அங்க பொண்ணை எப்படிங்க கொண்டுபோய் வெப்பேன்?”

“மனுவுல நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?” என்றார் நீதிபதி அம்மா.

“போட்டேங்க. பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சு. சரியாத்தான் எழுதியிருப்பாங்கன்னு போட்டுட்டேன்.”

வக்கீலின் காது சிவந்துவிட்டது. மொத்தமும் கேட்டால்தான் கொஞ்சமாவது கிடைக்கும், இந்த மாதிரி மனு எல்லாமே அப்படித்தான் எழுதுவது என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். அதே வாசகத்தை நான் எத்தனையோ மனுவில் பார்த்திருக்கிறேன். அந்த வாசகம் தையல்காரியை ஒரு மாதமாகத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது, அதை அடித்துக் கொடுத்தவள் என்ற முறையில் என் மேலும் வந்தது.

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். நடைவழியில் மாமா சுவரோரம் நின்றிருந்தார். நான் பெருமையாக, “மாமா, நீங்க சொல்லிக்கொடுத்த ‘புரியல’தான் ஜெயிச்சுது” என்றேன். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“இத்தனை வருஷமா பேப்பர் வாங்குறவங்களுக்கு மட்டும்தான் படிச்சுச் சொல்லிட்டிருந்தேன்மா. கேஸ் போட்டவருக்கும் புரியாம இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே” என்றார்.

இடைவேளைக்குப் பிறகு நீதிபதி அம்மா உத்தரவைச் சொன்னார், நான் அடித்தேன். ‘மைனர் குழந்தை தொடர்ந்து எதிர்மனுதாரரின் பராமரிப்பிலேயே இருந்துவரவும், வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமைகளில் மனுதாரர் மேற்படி குழந்தையைச் சந்தித்துவரவும்’ என்று பதினோரு வரி. “புரிஞ்சுதா?” என்று கேட்டதும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும், அதற்கு அர்த்தமே கிடையாது. நீதிபதி அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நின்றிருந்த மாமாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“நீங்க வீடு வீடா படிச்சுக் காட்டுறதா என் காதுக்கும் வந்துச்சு. இங்கயும் கொஞ்சம் படிங்க.”

தலைமை எழுத்தர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு வரியையும் படித்தார். தாளைத் தாழ்த்திக்கொண்டு, பேச்சு மொழியில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் குழந்தை முந்திக்கொண்டது.

“அப்ப இன்னைக்கு நான் எங்க தூங்குவேன்?”

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

“உங்க வீட்லதான்மா. சித்தி பக்கத்துலதான்.”

அதை யாரும் அடிக்கச் சொல்லவில்லை, நானும் அடிக்கவில்லை. காலையிலிருந்து நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்த தையல்காரி அப்போதுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். “ஞாயித்துக்கிழமை சாப்பிடாம வாங்க மாமா, வீட்ல சாப்பிடலாம்” என்று குழந்தையின் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.