சுவிட்ச் என் கையில் இருந்தது

ஓடாத மோட்டாருக்கும் ஒரு சத்தம் உண்டு. சுவிட்சைப் போட்டதும் சுழலாமல் நின்ற இடத்திலேயே "ம்ம்ம்" என்று உறுமும். கூடவே, உள்ளே கம்பிச்சுருள் சூடேறும் காந்தல் வாடை சமையலறை வரைக்கும் வரும். 1991-இல், ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கிணற்றடியில், பதின்மூன்று வயதில் நான் கேட்ட அந்த உறுமலை இன்றைக்கு எந்தத் தெருவில் கேட்டாலும் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

தண்ணீர் ஏறவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "புட்வால்வு"தான். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப வழிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற மூடி அது. படப்பையிலிருந்து வந்த குழாய்க்காரர் குழாயை மேலே இழுத்து, புட்வால்வின் தோல் வாசரை மாற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. "கரண்டு கம்மியா கீது" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். அப்பா மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளிருந்த இரும்பு விசிறியைக் கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு சுவிட்சைப் போடச் சொன்னார், மோட்டார் ஓடியது. பழுதுபார்ப்பு அத்தோடு முடிந்தது. யார் எடுத்துச் சொன்னாலும், "கையால சுத்துனா ஓடுதில்ல, அப்பறம் இன்னா?" என்பார். விடியுமுன்பே அம்பத்தூர் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுகிற அவர் அந்த விசிறியை அதற்குப் பிறகு ஒருநாளும் தொட்டதில்லை.

சுற்றியது அம்மா. மோட்டார் கொல்லைப்புறத்தில், சுவிட்ச் சமையலறைச் சுவரில். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அம்மா விசிறியைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, "போடு" என்று குரல் கொடுப்பாள், நான் போடுவேன். அப்படியே நான்கைந்து மாதம் ஓடியது.

அந்த வருடம் என்னை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்ததே அம்மா அழுது சாதித்த காரியம். "பொட்டப்புள்ள எட்டு படிச்சா போதும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதாவது ஒரு தப்பு நடக்கட்டும், நிறுத்திவிடுகிறேன் என்று காத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அன்று அரையாண்டுப் பரீட்சையின் முதல் நாள். பை தோளில், ஒரு கால் வாசலில், தூரத்தில் படப்பை பஸ்ஸின் ஆரன். அம்மா இந்நேரம் சுழற்றியிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டு, "போடு" என்ற சொல் வருவதற்கு முன்பே போட்டுவிட்டேன். மோட்டார் உறுமவில்லை. அம்மா அப்போதுதான் விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், உடனே ஓடியது.

"நிறுத்துடி" என்றாள் அம்மா. கத்தக்கூட இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா வேலியைத் தாண்டி வருவதற்குள் என்னிடம் வேகமாகச் சொன்னாள்: "நானே சுவிட்ச போட்டுட்டு வந்து கைய வச்சிட்டேன். நீ அப்பவே பஸ்ஸு ஏறி பூட்ட. போ, பரிட்சைக்குப் போ."

நான் போனேன். பரீட்சையும் எழுதினேன். தமிழ்த் தாள். இதைவிட வெட்கக்கேடான காரியம் எதையும் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

அம்மாவை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தார்கள். நான்கைந்து மாதமாக விசிறியைச் சுழற்றி, கையை எடுத்த பிறகே சுவிட்சைப் போடச் சொன்னவள் அம்மா. அவள் எப்படி உறுமுகிற மோட்டாரில் கை வைப்பாள் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா மட்டும் அன்று சாயங்காலம் சமையலறைக்கும் கொல்லைக்கும் இரண்டு முறை நடந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கேட்டால், மோட்டாரைச் சரிசெய்யாமல் விட்டதற்குத் தன்னையும் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் அவரே போய்ச் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அந்த ஆள் உறுமலைக் கேட்டதுமே, "கண்டன்சர் பூட்ச்சிண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றார். மோட்டாருக்கு முதல் உந்தலைக் கொடுக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டப்பா. கொடுத்த டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டார். உள்ளே படுத்திருந்த அம்மா, மோட்டார் தானாக ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, "தண்ணி வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கிணற்றைத் தூர்த்து மேலே கம்பெனி கிடங்கு ஒன்று கட்டியிருக்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார். நான் படித்தேன், தொழிற்சாலை ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். சுவிட்ச் போட எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். போன மாதம் அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனபோது, ரேகை வைக்கச் சொன்ன பையன், "வெரலு இன்னாம்மா ஆச்சு?" என்றான். அம்மா வழக்கம்போல, "மோட்டார்ல நானே வச்சிக்கினேன்பா" என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, "இல்ல, நான்தான் சுவிட்ச போட்டேன்" என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, முதல் தடவை சொல்கிறேன்.

அம்மா சிரித்தாள். "அவ பேச்ச உடுப்பா. அன்னிக்கு அவ வூட்லயே இல்ல. பரிட்சைக்குப் பூட்டா."

அவள் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மறைக்கிற முகமாக அது இல்லை. எனக்காகச் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கே அது நடந்த கதையாகிவிட்டது. இனி நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?