வெறுங்கையோடு வந்த மூன்று மெஷின்கள்

என் மூத்தவன் கங்காதரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கூடப் பிறந்தவனின் குரலைத் தொலைத்தவன் என்று. தொலைத்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் எப்படித் தொலைந்தது என்று பேசுகிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் கோருட்லா பக்கம். அவன் அப்பா கள் இறக்கப் போய்ப் பனையிலிருந்து விழுந்தபோது கங்காதருக்குப் பதினோரு வயது, சின்னவன் ஓதேலுவுக்கு நாலு. நான் பீடி சுற்றினேன். கட்டுக்கு இருபத்தைந்து. நான் எண்ணி முடித்த கட்டை எடுத்து அவன் மறுபடி எண்ணுவான்.

“ஏன்டா, அம்மா மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டால், “உன் மேல இருக்கும்மா. பீடி மேலதான் இல்ல” என்பான்.

அப்படி ஒரு பிள்ளை. கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்து போய்த் தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். ஓதேலு விடுவானா? “அண்ணனுக்குக் கல்யாணம் ஆனா தாலிய மூணு தடவை கட்டுவான், கட்டிட்டு இழுத்தும் பாப்பான்” என்று கேலி செய்வான். ஒருவன் சந்தேகம், ஒருவன் சிரிப்பு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அவர்கள் அப்பாவின் பழக்கம் ஒன்றுதான். வாயைத் திறக்கும் முன் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொள்வார்கள்.

மூத்தவன் படித்து ஹைதராபாத் போனான். சின்னவன் படிக்காமல் மஸ்கட் போனான்.

கங்காதர் சேர்ந்த கம்பெனி குரல் கடிதக் கம்பெனி. வளைகுடாவுக்குப் போனவர்கள் போனில் பேசி அனுப்புவார்கள், என்னைப் போல எழுத்துத் தெரியாத பெண்கள் இங்கே போனில் அவர்கள் படத்தை அழுத்திக் கேட்போம். அந்தக் குரல்களையெல்லாம் வைத்துக் காப்பது என் பிள்ளையின் வேலை. பெரிய சம்பளத்துக்கு வேறு இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. முழங்கால் வைத்தியத்துக்காக நான் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது விளக்கிச் சொன்னான்.

“ஆறு மெஷின் இருக்கும்மா. ஆறு வீடுன்னு வெச்சுக்கோ. ஒவ்வொருத்தர் குரலும் மூணு வீட்டுல இருக்கும். ஒரு வீடு எரிஞ்சாலும் ரெண்டு வீட்டுல இருக்கும்.”

“இடம் பத்தலைன்னா?”

“புது வீட்டைச் சேப்போம். ஒண்ணு சேந்து முடியுற வரைக்கும் அடுத்ததத் தொடக்கூடாது. புதுசா வர்றது, ஏற்கெனவே இருக்கிற பெரியவங்ககிட்டப் போய் ‘என் பங்கு எது?’ன்னு கேக்கும். யார்கிட்டக் கேக்கணும்னு அதுகிட்ட ஒரு பட்டியல் இருக்கும். அவங்க குடுப்பாங்க. எல்லாம் வந்துருச்சான்னு பத்து நாள் பாத்துட்டு, அப்புறம்தான் பழைய வீட்டுல மிச்சமானதப் பெருக்கித் தள்ளணும்.”

“பெருக்கினா?”

“போனது போனதுதான்.”

ஓதேலு எனக்கு இருபத்து மூன்று குரல் அனுப்பினான். எல்லாமே இரண்டு செருமலில் தொடங்கும். “அம்மா, சாப்டியா? பொய் சொல்லாத” என்பான். ஒன்றில் பச்சிப்புலுசு என்கிற புளிரசத்தை வைக்கத் தெரியாமல் வைத்து, அறையிலிருந்த எல்லோரும் திட்டியதைச் சொல்லிச் சிரிப்பான்.

இருபத்து மூன்றோடு நின்றுவிட்டது. வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம், எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். என் பிள்ளையின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. எனக்கு மிஞ்சியது அந்தக் குரல். தினமும் காலையில் டீ குடித்துவிட்டு ஒன்று கேட்பேன், ஒன்றுதான். தீர்ந்துபோய்விடும் என்கிற மாதிரி ஒரு பயம்.

கங்காதரும் கேட்பான், வேறு விதமாக. மெஷினில் எதை மாற்றினாலும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓதேலுவின் குரலைத்தான் போடுவான். தம்பி செருமினால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

வருடம் திரும்பியது. வெள்ளிக்கிழமை ஊரில் ஓதேலுவுக்குத் திதி. பதுகம்மா பண்டிகையும் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்டிகைக்கு உலகத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் பேசுவார்கள், பழைய மெஷின்களோ கழுத்துவரை நிரம்பியிருந்தன. அதற்குள் மூன்று புது மெஷின் சேர்த்தாக வேண்டும் என்று மேனேஜர் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை கங்காதர் வீட்டிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்தான். நான் பையைக் கட்டி வாசற்படியில் வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஆச்சாடா?”

“ஒண்ணு சேந்துருச்சு. போன வருஷம் ஒரு மெஷின் சேர ஒன்றரை நாள் ஆச்சு. இது ஒரு நிமிஷம்கூட ஆகல.”

“நல்லதுதானே.”

“புது மெஷின்... வேகம் ஜாஸ்தி போல.”

‘போல’ என்று அவன் வாயில் அதுவரை வந்து நான் கேட்டதில்லை. கேட்டும் சும்மா இருந்தேன். இரண்டாவது சேர்ந்தது, மூன்றாவதும் சேர்ந்தது. ஊருக்குப் பஸ் இரண்டு மணிக்கு. மேனேஜர் போனில் சத்தமாகவே பேசினார்: “பழசப் பெருக்கிட்டுப் போ கங்காதர். நீ லீவுல போய்ட்டா இங்க யார் செய்வாங்க?”

அவன் என்னைப் பார்த்தான். “பத்து நாள் விடணும்மா.”

நான் சொன்னேன், இதே வாயால் சொன்னேன்: “பெருக்கிட்டு எழுந்திருடா. தம்பி காரியத்துக்கு நேரத்துக்குப் போகாத அண்ணன் எங்கேயாவது உண்டா? உன் சந்தேகத்துக்குச் சாமியே காத்திருக்காது.”

“சரி, ஒரு குரல் போட்டுப் பாத்துட்டுப் பெருக்குறேன்.”

“ஓதேலுவப் போடு.”

அவன் கை நின்றது. “இந்த வாரம் அவன் குரலக் கேக்க முடியலம்மா. நாளைக்குப் படத்துக்கு முன்னாடி சேந்து கேப்போம்.”

வேறு யாரோ ஒரு பையனின் குரலைப் போட்டான். நன்றாகக் கேட்டது. பெருக்கினான். பஸ்ஸைப் பிடித்தோம்.

மறுநாள் படத்துக்கு முன்னால் சோளத்தில் தட்டிய ஜொன்ன ரொட்டி, கோழிக்கறி, ஒரு சொம்பு கள் எல்லாம் வைத்தோம். அதையெல்லாம்விட அவன் குரலை வைத்து அவனைக் கூப்பிடலாம் என்று எனக்கு ஆசை. போனில் அவன் படத்தை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, நின்றது. மறுபடி அழுத்தினேன். இருபத்து மூன்றையும் அழுத்தினேன்.

“சிக்னல் இருக்காது அத்தம்மா,” என்றாள் கங்காதரின் மனைவி ஸ்வரூபா. “மாடிக்குப் போய்ப் பாக்கலாம்.”

கங்காதர் மாடிக்குப் போகவில்லை. முற்றத்துக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்: “அதோட பேரு அதோட பட்டியல்லயே இருக்கு.”

பழைய மெஷினின் தாளைப் பார்த்துத்தான் புதியவற்றுக்கும் எழுதியிருக்கிறான். நாளைக்கு இவையும் பெரியவர்கள் ஆகும்தானே என்று, பெரியவர்கள் பட்டியலில் மூன்று பெயரையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டான். தன் பெயரை அதில் பார்த்த மெஷின் தானே பெரியவன் என்று எண்ணிக்கொண்டது. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வெறுங்கையோடு வந்து வரிசையில் உட்கார்ந்தது, அதனால்தான் ஒரு நிமிடம். மூன்றும் அப்படியே. யாருடைய குரல் அந்த மூன்று வீட்டுக்கு மட்டும் பங்காக விழுந்ததோ, பழைய வீட்டில் பெருக்கியதோடு அது போனது. நூற்றுக்கு ஒருவர் போல. நாலாவதாக வேறு எங்கேயாவது ஒரு நகல் வைக்கலாம் என்று இவன் கேட்டபோதெல்லாம், மூன்று போதாதா என்று மேலே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

கள் சொம்பில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை.

குரல் தொலைந்தது மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கு. ஏதோ கோளாறு என்று ஒரு வரி அனுப்பிவிடு, போதும் என்றார் மேனேஜர். இவன் கேட்கவில்லை. பதினைந்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் செய்தான். “நான்தான் செஞ்சேன், தப்பு என்னோடது” என்றான். மெட்பல்லியில் ஒருத்தி போனிலேயே மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். இன்னொருத்தி, “வேற போன் வாங்கினா வருமா சார்?” என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது ஸ்வரூபா அழுதாள், அவன் அழவில்லை.

“அவசரப்படுத்தினது நான்டா” என்றேன்.

“எழுதினது என் கையிம்மா.”

“நான் பஸ் பஸ்னு கத்தாம இருந்திருந்தா...”

“நீ கேக்க வேண்டிய குரல் என்னோடது இல்லம்மா. விடு.”

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. வேலையை விட்டான். இப்போது சித்திப்பேட்டையில் ஒரு விதைக்கடையில் இருக்கிறான். ஊருக்கு வருவான், முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருவான், சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பான். வாய் திறக்க மாட்டான். கோபம் இல்லை, எனக்குத் தெரியும். தன் குரலைக் கேட்கும்போதெல்லாம் கேட்காத குரல் எனக்கு ஞாபகம் வரும் என்று நினைக்கிறான். முட்டாள். அவனைப் பெற்றவளும் நான்தானே? ஒருவனின் குரலை மெஷினிடம் விட்டேன், இவனுடையதை உயிரோடு இருக்கும்போதே விடுவதற்கு நான் ஒப்பவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் நம்பரைப் போடுவான், ஸ்வரூபாதான் பேசுவாள்.

“சாப்டீங்களா அத்தம்மா?”

“சாப்டேன்.”

“சரி, வெக்கட்டுமா?”

“இரு.”

“என்ன அத்தம்மா, சொல்லுங்க?”

“ஒண்ணுமில்ல. அப்டியே வெச்சிரு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது, இப்போதெல்லாம் கேட்பதில்லை. போனை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் வரும். பிறகு அவன் ஏதோ சொல்ல நினைப்பான். தொண்டையை இரண்டு தடவை செருமுவான்.

அதற்குமேல் ஒன்றும் வராது. நான் போனைக் கீழே வைப்பதில்லை.