நான் நிறுத்திய மாத்திரை

என் மனைவி செல்விக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாள். போன தை மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து, டாக்டரைக் கேட்காமல் நானே மாத்திரையை நிறுத்தினேன்.

பல் எடுத்த மறுநாள், "மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"வாய் நல்லா ஆறட்டும், இரு" என்றேன். சம்பா அறுவடை மும்முரத்தில் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலை, எனக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தவளின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கை தொங்கிவிட்டது. பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் கொண்டு ஓடினோம்.

இதய ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைக் காட்டினார். இதயத்தின் மேலறைக்குள் ரத்தம் புகைபோல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

"வால்வு சுருங்கினதால ரத்தம் இங்க தேங்குது. தேங்கினா உறையும். அப்படி உறைஞ்ச கட்டிதான் மூளைக்குப் போயிருக்கு. ரத்தப் பரிசோதனையப் பார்த்தா மாத்திரை போடலன்னு தெரியுது. யாரு நிறுத்தச் சொன்னது?"

படுத்திருந்த செல்வி குழறிக் குழறிச் சொன்னாள்: "நான்தான்... மறந்துட்டேன்."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். நான் தலையைக் குனிந்தபடி நின்றேன்.

இப்போது பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது, கை வரவில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தியது அறியாமையால் என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடிகிறது. எனக்காக அவள் திட்டு வாங்கியபோது பேசாமல் நின்றதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. அவளும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.